மாப்பிள்ளை இல்லாத முனை

சல்யூட் என்று சொன்னால் அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். சீருடையைக் கண்டால் போதும், வலது கை தானாக நெற்றிக்குப் போய்விடும். போலீஸ்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தபால்காரர், தீயணைப்பு வண்டிக்காரர், துணிக்கடை வாசலில் கதவு திறந்துவிடுகிறவர், எல்லோருக்கும் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் பேண்டு வாத்தியக்காரர்கள் சரிகைத் தோள்பட்டையோடு வரிசையாக உள்ளே நுழைந்தபோது, மனிதர் எழுந்து நின்று, கடைசி மத்தளக்காரர் தாண்டிப் போகிறவரை கையை இறக்கவில்லையாம். இதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் அவர் பயந்தாங்கொள்ளிதான்.

பயம் சும்மா வந்ததில்லை. வண்டி ஓட்டத் தொடங்கிய புதிதில் ஒரு போலீஸ்காரர் அவருடைய சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "நான் சொல்ற வரைக்கும் இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். போனவர் மறந்துவிட்டார். இவர் நின்றார். காலையில் மேற்கே விழுந்திருந்த நிழல் உருண்டு கிழக்கே போனது. யாரோ பரிதாபப்பட்டு, "அந்த ஆளு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாருப்பா" என்று சொன்ன பிறகும் நின்றார். அன்று உடம்புக்குள் புகுந்த நடுக்கம் பிறகு வெளியே வரவே இல்லை. போதாக்குறைக்கு, வேகமாகப் போனதற்காக ஏற்கெனவே இரண்டு முறை பிடிபட்டிருந்தார். இன்னொரு முறை மாட்டினால் லைசன்ஸ் போய்விடும் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அது போனால் சோறு போச்சு.

இவ்வளவு பயந்த மனிதர் வண்டியை மெதுவாகத்தானே ஓட்டுவார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். சல்யூட்டுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. போலீஸ் கண்ணில் படுகிற இடத்தில், கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஊர்வார். அந்த இடம் தாண்டியதும் சீட் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பறப்பார். ஏனென்றால் போலீஸ் இல்லாத இடத்தில் அவரை ஆட்டிவைக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அது தையல் ஆலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன். ஆலையில் சங்கு ஊதியதும் கேட்டை மூடிவிடுவார்கள். மூடிய கேட் கடவுளே வந்து தட்டினாலும் திறக்காது, அன்றைய வேலை அவ்வளவுதான். அதனால் ஏறி உட்கார்ந்த நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் காலில் நெருப்பு. முன் இருக்கையில் பெரியக்கா. ஆலையில் மேற்பார்வை பார்ப்பவர், வேனிலும் அதையே செய்வார். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் சல்யூட்டின் கொழுந்தியாள், மனைவியின் தங்கை. மாமனைக் கிண்டல் செய்ய அவளுக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

"ஏன் மாமா, டயர்ல காத்து இருக்கா, இல்ல நாங்க எறங்கித் தள்ளட்டுமா?"

"சும்மா இரும்மா, முன்னாடி வளைவு."

"வளைவா? போன வாரம் பாத்த அதே வளைவுதானே! அங்கேயேதான் இருக்கும், பயப்படாதீங்க."

பெரியக்கா கிண்டல் செய்யமாட்டார். நேரடியாகக் குத்துவார். "அந்த மினி பஸ்காரன் ஒத்தக் கையால ஓட்டிட்டு நம்மளத் தாண்டிப் போறான். நீ ரெண்டு கையும் வச்சிக்கிட்டுப் பாத்துட்டு இருக்கே. மீசையை எதுக்கு வளத்தே, சல்யூட்டு? சோத்துக்குத் தொட்டுக்கவா?"

பின்னால் சிரிப்பு. அந்தச் சிரிப்பு காதுக்குள் போய் நேராக வலது காலில் இறங்கும். வண்டி பறக்கும். பயப்படுகிறவர் தன் விருப்பப்படி எதையும் ஓட்டுவதில்லை. போலீஸைக் கண்டால் போலீஸின் வேகம், பெரியக்கா பேசினால் பெரியக்காவின் வேகம். சல்யூட்டின் வேகம் எது என்று சல்யூட்டுக்கே தெரியாது.

அந்தச் சாலையின் ஓட்டுநர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. எல்லோரும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள், பெயர் 'வழித்துணை'. சாலையில் எங்கே போலீஸ் நிற்கிறது என்று முதலில் பார்க்கிறவர் குரல் பதிவு செய்து போட்டுவிட வேண்டும். போலீஸுக்கு அங்கே மாப்பிள்ளை என்று பெயர். வந்தால் மரியாதை செய்ய வேண்டும், வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, முகம் சுளித்தால் குடும்பமே நடுங்கும், பொருத்தமான பெயர்தானே. அதிகாரி வந்தால் பெரிய மாப்பிள்ளை. கேமரா வைத்திருந்தால் போட்டோக்காரர். "பாலத்துக்கிட்ட மாப்பிள்ளை, குடைக்குக் கீழே உக்காந்திருக்கார்" என்று ஒரு குரல் வந்தால் போதும், பாலத்தின் இரண்டு பக்கமும் வண்டிகளுக்கு ஒழுக்கம் வந்துவிடும். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார் என்று குரல் வந்தால் ஒழுக்கமும் எழுந்து போய்விடும்.

அந்தக் குழுவில் ஒரே ஒரு சட்டம். பொய் சொல்லக்கூடாது. ஒரு தண்ணீர் லாரிக்காரர் விளையாட்டுக்காக ஒரு முறை பொய் சொன்னார். குழுவிலிருந்து தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை எங்கே என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. ஒரே வாரத்தில் எல்லா முனையிலும் மாட்டி, வண்டியை விற்றுவிட்டு மாமனார் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விட்டார். சல்யூட்டுக்கு அந்தக் கதையை நினைத்தாலே நாக்கு வறளும். குழுதான் அவருக்குக் கண்.

இப்போது பள்ளி முனைக்கு வருவோம். சாலை ஒரு பெரிய மதில் சுவரை ஒட்டித் திரும்புகிற இடத்தில் ஆரம்பப் பள்ளி. திரும்பும்வரை முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காகப் பள்ளிக்கூடம் ஓர் ஆளை வைத்திருந்தது. 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு அவர் நடுச்சாலையில் நிற்பார். பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தால் வண்டிகள் நிற்கும். மாப்பிள்ளை இல்லாத நாளில் பலகைக்காரரை யாரும் மதிப்பதில்லை. கம்பத்தைச் சுற்றிப் போகிற மாதிரி அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சல்யூட்டும் போயிருக்கிறார். ஒரு முறை அவருடைய வேன் உரசிப்போன காற்றில் பலகைக்காரரின் தொப்பி பறந்தது. பின்னால் இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

அன்று காலை பள்ளி முனையைக் கடந்தபோது பிள்ளைகள் வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. மாப்பிள்ளை வழக்கமாக நிற்கிற இடம் காலி. யாரோ தலைவர் வருகிறார் என்று எல்லா மாப்பிள்ளைகளையும் வேறு பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டார்களாம், காலையிலிருந்தே குழுவில் அதுதான் பேச்சு. சல்யூட் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாகப் பதிவு போட்டார்:

"பள்ளி முனையில மாப்பிள்ளை இல்லப்பா. தாராளமா அடிச்சு விடுங்க."

உடனே கட்டைவிரல்கள் குவிந்தன. செங்கல் லாரிக்காரர், அவருக்குச் செங்கல் என்றே பெயர், "வாழ்க சல்யூட்டு! திரும்பி வர்றப்ப பறந்துடறேன்" என்று குரல் போட்டார்.

ஆலைக்குப் பாதி வழி வந்திருக்கும். கொழுந்தியாள் போனைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"மாமா, இனிமே நீங்க வீட்டுக்குள்ள நுழையறப்பவும் சல்யூட் வைக்கணும் போலிருக்கே."

"ஏன்?"

"ஐயோ, அக்கா சொல்லக்கூடாதுன்னு சொன்னா. சாயங்காலம் அவளே சொல்றாளாம்."

"சொல்லு, இல்லன்னா வண்டி நகராது."

"இப்ப மட்டும் ரொம்ப நகருதாக்கும்! சரி, கேளுங்க. அந்தப் பலகைக்காரர் இல்ல, பள்ளிக்கூடத்துல? முந்தாநாள் ஏதோ வேன் கண்ணாடி இடிச்சு அவருக்குத் தோள் எலும்பு நகந்திடுச்சாம். வேலை வேண்டாம்னு போயிட்டாரு. அக்கா ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தா இல்ல, இன்னைக்கே வந்துடுன்னு பெரிய டீச்சர் கூப்பிட்டுட்டாங்க. மேலங்கி, தொப்பி எல்லாம் குடுத்திருக்காங்க. போட்டோ அனுப்பியிருக்கா, பாருங்க மாமா, எங்க அக்கா இன்ஸ்பெக்டர் மாதிரி..."

போன் அவர் தோளைத் தாண்டி முன்னால் வந்தது. பச்சை மேலங்கி. கையில் பலகை. எதையோ ஜெயித்துவிட்ட சிரிப்பு. பின்னால் மதில் சுவர்.

சல்யூட் வேனை ஓரம் கட்டிவிட்டார். எப்படிக் கட்டினார் என்று அவருக்கே தெரியாது.

"ஏன்யா நிறுத்தினே?" என்றார் பெரியக்கா.

சல்யூட் மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "வேலை நேரத்துல போனை ஆபீஸ்ல வச்சிடணுமாம் மாமா" என்றாள் கொழுந்தியாள். அவள் குரலிலும் சிரிப்பு காணாமல் போயிருந்தது. மாமன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

மாப்பிள்ளை இல்லாத முனையில் பலகைக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியாதா? தாராளமாக அடித்து விடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னதும் அவர்தானே? செங்கல் பறந்து வரும். அதற்குப் பின்னால் மணல் லாரி, மினி பஸ், பால் வண்டி. மதில் திரும்பியதும் நடுச்சாலையில் ஒருத்தி, இதுவரை வாசல் கோழியைத் தவிர எதையும் நிறுத்திப் பழகாதவள், சிரித்துக்கொண்டு நிற்பாள்.

போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். என்ன சொல்வது? என் வீட்டுக்காரி நிற்கிறாள், பார்த்துப் போங்கள் என்றா? சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அதே வேகத்தில் வருவார்கள். இவ்வளவு காலமாக அவர் யாருக்காவது மெதுவாகப் போனாரா, அவருக்காக மற்றவர்கள் போக?

"எல்லாரும் கேளுங்க," என்றார். குரல் உண்மையாகவே நடுங்கியதால் பொய் நன்றாக வந்தது. "பள்ளி முனையில பெரிய மாப்பிள்ளையே வந்திருக்கார். கூட ஒரு படையே இருக்கு. போட்டோக்காரரும் இருக்கார். வேகமா வர்றவன் லைசன்ஸை அங்கேயே பிடுங்கறாங்க. பெல்ட்டு, பேப்பரு எல்லாம் பாக்கறாங்க. ஊந்து போங்கப்பா. தயவு செஞ்சு ஊந்து போங்க."

உடனே செங்கலின் குரல்: "யோவ், இப்பத்தானே இல்லேன்னே?"

"மதிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தாங்க. நான் பாக்கலை."

"அடப்பாவமே! நல்ல வேளை சொன்னே. பெல்ட்டு எங்க கிடக்குதோ தெரியலியே."

நம்பிவிட்டார்கள். ஆனால் முதல் லாரி முனையைத் தாண்டுகிறவரைதான் அந்தப் பொய்க்கு உயிர். தாண்டியவன் யாரும் இல்லை என்று சொன்ன நிமிடமே, ஏமாந்த எரிச்சலும் சேர்ந்து, அத்தனை பேரும் முன்னிலும் வேகமாக வருவார்கள்.

"வண்டியைத் திருப்பறேன்," என்றார்.

வேனுக்குள் கூச்சல் எழுந்தது. "சங்கு ஊதிடும்!" "உங்க வீட்டு விஷயத்துக்கு நாங்க ஏன்யா வேலையை விடணும்?" "எறக்கி விட்டுட்டுப் போ!" நடுரோட்டில் இறங்கி எப்படிப் போவாய் என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள். கொழுந்தியாள் அழ ஆரம்பித்தாள். பெரியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய பேத்தி அந்தப் பள்ளியில்தான் படித்தாள்.

"திருப்பு," என்றார் பெரியக்கா. "திருப்பிட்டு என்ன முழிச்சிட்டு இருக்கே? மிதிய்யா!"

மிதித்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. வேனில் திருகாமல் விட்ட திருகாணிகள் எல்லாம் தங்கள் பெயரைச் சொல்லிக் கத்தின. இருக்கையைப் பிடித்திருந்த பெண்களின் விரல் அடையாளம் இன்றைக்கும் அந்த ரெக்சினில் இருக்கிறது என்கிறார்கள். நான் தொட்டுப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் லாரிகளின் வரிசை தெரிந்தது. அந்தச் சாலை அப்படி ஒரு காட்சியைக் கண்டதே இல்லை. செங்கல் லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மணல் லாரி, அதற்குப் பின்னால் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மினி பஸ்காரர். எல்லோரும் பெல்ட் போட்டு, முதுகை நிமிர்த்தி, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் மாதிரி போனார்கள். சாலை முழுவதும் ஒரே ஒழுங்கு. சல்யூட் சொன்ன பொய்க்கு எல்லோரும் கட்டுப்பட்டிருந்தார்கள், ஒரே ஒருவரைத் தவிர. அங்கே மாப்பிள்ளை இல்லை என்று தெரிந்த ஒரே ஓட்டுநர் அந்தச் சாலையில் அவர்தான்.

"தாண்டிப் போ, தாண்டிப் போ!" என்று பெரியக்கா கத்தினார். "சீக்கிரம் மாமா!" என்றாள் கொழுந்தியாள்.

எதிர்ப்பக்கம் ஏறினார். மினி பஸ் போனது. மணல் லாரி போனது. செங்கல் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். போகாதே, மாட்டிக்கொள்வாய் என்றுதான் இருக்கும். அதையும் தாண்டி, மதிலை ஒட்டி, எல்லா வண்டிகளுக்கும் முன்னால், அதே வேகத்தில் சல்யூட் முனையைத் திரும்பினார்.

எதிரே பச்சை மேலங்கி.

இரண்டு கைகளாலும் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் பின்னால் சின்னதும் பெரிதுமாகப் பிள்ளைகள், பாதிச் சாலையில். இரண்டு பேர் அவள் மேலங்கியைப் பிடித்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை குனிந்து கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவையும் சல்யூட் பார்த்தார். நேரம் அவ்வளவு நீளமாக இருந்தது. பிரேக்கின் மேல் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. டயர் அலறியது, பெண்கள் அலறினார்கள். கண்ணாடி முழுவதும் அந்த வட்டப் பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் ஓடவில்லை. ஓடேன், ஓடேன் என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே ஓடுவாள்?

வேன் நின்றபோது பலகையின் விளிம்பு முன்கண்ணாடியில் டக் என்று தட்டியது. மெல்லிய சத்தம். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

முதலில் அசைந்தவள் அவள்தான். பலகையைத் திருப்பி வேனின் மூக்கில் ஓங்கி ஓர் அடி. "கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியாடா? குழந்தைங்க வர்றது தெரியல? பொறுக்கி! உன்னை எல்லாம் யாருடா வண்டி ஓட்ட விட்டது?" கண்ணாடிக்குள் இன்னொரு முறை பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. "நீங்களா?"

திரும்பிப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். கடைசிப் பிள்ளை கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அவள் மதிலோரம் உட்கார்ந்தாள். கொழுந்தியாள் இறங்கி ஓடினாள். பிரேக் அடித்தபோது முன் இருக்கையில் இடித்து, தங்கையின் நெற்றி புடைத்திருந்தது. பெரியக்கா இருந்த இடத்தை விட்டு எழவில்லை. மிதிய்யா என்று சொன்ன வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

அப்போது செங்கல் லாரி முனையைத் திரும்பியது, நடைபழகும் குழந்தை மாதிரி. செங்கல் லைசன்ஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். இடம் பார்த்தார், வலம் பார்த்தார், மரத்தின் மேலே கூடப் பார்த்தார்.

"எங்கப்பா பெரிய மாப்பிள்ளை?"

சல்யூட் கீழே நின்றுகொண்டிருந்தார். "இல்ல."

"ஒருத்தரும் இல்லையா?"

"என் வீட்டுக்காரி நிக்கிறா. புதுசா வேலைக்கு வந்திருக்கா."

செங்கல் மதிலோரம் பார்த்தார். சாலையில் வேன் இழுத்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார். நீட்டிய லைசன்ஸை மெல்ல உள்ளே எடுத்துக்கொண்டார்.

"உண்மையையே சொல்லியிருக்கலாமே, சல்யூட்டு."

"சொல்லியிருந்தா மெதுவா வந்திருப்பியா?"

செங்கல் கியரை மாற்றினார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். மதியத்துக்குள் சல்யூட்டைக் குழுவிலிருந்து தள்ளிவிட்டார்கள். அன்று ஆலையில் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. அந்த வேன் அவ்வளவு அமைதியாக ஓடியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வீட்டில் மேலங்கி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சல்யூட் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர்.

"நாளைக்குப் போகாதே," என்றார். "வேற ஏதாவது வேலை பாக்கலாம். உன் கால்ல வேணா விழறேன்."

"நான் போகலைன்னா வேற யாரோ நிப்பாங்க."

"நிக்கட்டும்."

"அது உங்க பொண்டாட்டியா இருக்காது. அப்ப நீங்க எப்படி வருவீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கும் பயம்தாங்க," என்றாள் கொஞ்சம் கழித்து. "ஓடிடலாம்னு தோணுச்சு. பிள்ளைங்க மேலங்கியைப் பிடிச்சிட்டு இருந்தாங்களே, அந்தப் பிடி விடலை. இன்னும் இங்க இடுப்புகிட்ட யாரோ பிடிச்சிட்டு இருக்கிற மாதிரியே இருக்கு."

மறுநாள் முதல் அரை மணி முன்னால் புறப்படலாமா என்று சல்யூட் கேட்டார். முடியாது, அவரவர் வீட்டில் அடுப்பு இருக்கிறது என்றார்கள் பெண்கள். மறுநாள் வேனுக்கு எல்லோரும் கொஞ்சம் தாமதமாகவே வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் கூடிவிட்ட நேரம் அது. சல்யூட்டின் போன் ஊமையாகக் கிடந்தது. எந்தப் புதரில் யார் நிற்கிறார் என்று சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் அவருக்கு ஒரு தொப்பி தெரிந்தது. மதில் சுவர் கண்ணில் பட்டதும் அந்தத் தொப்பிகள் எல்லாம் மறைந்துவிட்டன. வேனை ஊர விட்டார். நடந்து வருகிறவர்கள்கூட வேனைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஏதோ லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தது.

கொழுந்தியாள் எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள். பெரியக்கா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஏன்டா, அங்க என்ன உன் சொத்து எரியுதா? பிள்ளைங்க கடக்கற எடம்டா!" என்று லாரிக்காரனைப் பிடிபிடியென்று பிடித்தார்.

வேன் முனையைத் திரும்பியது. பலகை உயர்ந்திருந்தது. சல்யூட் வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசிச் செருப்பு கேட்டுக்குள் நுழைகிறவரை அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அங்கே மாப்பிள்ளை நின்றாரா என்று மத்தியானம் யாரோ கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.